சுங்கை சிப்புட் – திருச்சி: டிக்கெட்டில் போக ஒன்றரை மணி, வர ஆறரை மணி. எது உண்மை?

செம்பனைக்காற்று (செவ்வாய், இரவு 9.12)

வணக்கம். அம்மாவுக்கு 72 வயது. பிறந்ததும் பால்மரம் (ரப்பர்) வெட்டியதும் எங்களை வளர்த்ததும் எல்லாமே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில்தான். தாத்தாவுக்குச் சொந்த ஊர் துறையூர்ப் பக்கம். ஒரு தடவையாவது குலதெய்வத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா ரொம்ப வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாசிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மா விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை.

டிக்கெட்டை அச்செடுத்துக் கையில் கொடுத்ததும் வந்தது வினை. கே.எல்.ஐ.ஏ. (கோலாலம்பூர் விமான நிலையம்) இரண்டாம் முனையத்தில் மாலை 5.50க்குக் கிளம்பி, திருச்சியில் இரவு 7.15க்கு இறங்குகிறது. திரும்பும்போது திருச்சியில் இரவு 10.40, இங்கே காலை 5.10. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். "போகையில ஒன்றரை மணி நேரம், வரையில ஆறரை மணி நேரமா? வரும்போது எங்கேடா சுத்திக் கூட்டிட்டு வருவான்?" என்று கேட்டார். நேர வித்தியாசம் என்று தெரியும், ஆனால் வாயால் விளக்கப் போனால் எனக்கே குழம்புகிறது.

சரி, தூரத்தை வைத்துச் சொல்லலாம் என்று தேடினால் ஒரு தளத்தில் 2,690, இன்னொன்றில் 2,675, மூன்றாவதில் 1,452. எதை நம்புவது? தங்கை வேறு "பினாங்கிலிருந்து போயிருந்தால் கிட்ட" என்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டுரியான்மண்டை (9.20)

அண்ணே, போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். கேமரன் மலை மாதிரிதான். 😄

ஈப்போ அக்கா (9.41)

தம்பி, அவன் சொல்வதை விடுங்கள். நான் வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சி போகிறவள். எனக்குத் தெரிந்த சுலப வழி ஒன்று சொல்கிறேன், அம்மாவுக்கும் புரியும். போவதையும் வருவதையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 1 மணி 25 நிமிஷம், 6 மணி 30 நிமிஷம், மொத்தம் 7 மணி 55 நிமிஷம். பாதி என்றால் நாலு மணிக்கு ரெண்டு நிமிஷம் குறைவு. அதுதான் ஒரு வழிக்கு ஆகிற நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். போகும்போது அந்த இரண்டரையைக் கடனாகக் கொடுக்கிறான், வரும்போது திருப்பி வாங்கிக்கொள்கிறான். வட்டி கிடையாது.

செம்பனைக்காற்று (9.47)

அக்கா, கடன் கணக்கு என்றதும் அம்மாவுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. கூட்டு (சீட்டு) கட்டி வளர்ந்த ஆள். நன்றி.

ரன்வே ராசா (10.30)

தூரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மூன்று எண்ணும் சரிதான், மூன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

2,690 என்பது கே.எல்.ஐ.ஏ. ஓடுதளத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் நடுவே, பூமியின் வளைவோடு நூல் பிடித்தால் வரும் கிலோமீட்டர். 2,675 என்பது ஊருக்கு ஊர், அதாவது கோலாலம்பூர் நடு ஊரிலிருந்து அளந்தது. கே.எல்.ஐ.ஏ. இருப்பது சிப்பாங்கில், தெற்கே தள்ளி. திருச்சி வடமேற்கில். ஆகவே நடு ஊரிலிருந்து அளந்தால் 15 கிலோமீட்டர் போலக் குறையும். 1,452 என்பது கடல் மைல். விமானிகளும் கப்பல்காரர்களும் இன்னும் அதில்தான் கணக்குப் பார்க்கிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், பெருக்கிப் பாருங்கள், அதே 2,690 வந்து நிற்கும். சாலை மைலில் போட்டால் 1,671. நல்லவேளை, அந்தத் தளம் உங்கள் கண்ணில் படவில்லை.

ஒரு வேடிக்கை. உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது உண்மையான குறுக்குவழி ஆகாது, உருண்டைமேல் போகிற வளைவுதான் குறுக்குவழி என்று பள்ளியில் படித்திருப்போம். லண்டன், அமெரிக்கா என்றால் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வித்தியாசம் காட்டும். நம் வழி நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே போவதால் இரண்டுக்கும் ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.

பறக்கும் நேரத்தை இந்தத் தளங்கள் எப்படிப் போடுகின்றன தெரியுமா? பல தளங்களில் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துவிடுவார்கள். 2,690ஐ 800ஆல் வகுத்தால் 3 மணி 22 நிமிஷம், அரை மணி சேர்த்தால் 3 மணி 52. உங்கள் டிக்கெட்டில் இருப்பதற்கு ரொம்பக் கிட்ட வருகிறது, ஆனால் அது வேறு கணக்கு. டிக்கெட் நேரம் சக்கரத்துக் கட்டையை எடுத்து விமானம் பின்னால் நகர்வதில் தொடங்கி, அங்கே போய்க் கட்டை போடும்வரை. இரண்டாம் முனையத்திலிருந்து ஓடுதளத்துக்கு உருண்டு போகவே கால் மணி ஆகும், வரிசை இருந்தால் இன்னும் கூட. வானத்தில் இருப்பது மூன்றரை மணிக்கு உள்ளேதான் இருக்கும். மிச்சம் தரையில் ஊர்வது.

கிராணிமகன் (புதன், காலை 6.05)

காலை வணக்கம். அந்த "இரண்டரை மணி" பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் அது இரண்டே மணிதான். மறந்துபோகவில்லை, நிஜமாகவே இரண்டுதான்.

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அப்போது உலகப் பொது நேரத்துக்கு ஏழரை மணி முன்னால். இந்தியா ஐந்தரை. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது கடிகாரத்தை 12க்குத் தள்ளினார்கள். சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே எட்டு மணிக் கணக்கில் இருந்தன, நாடு முழுவதும் ஒரே நேரம் இருக்க வேண்டும் என்று செய்தது. 1982 பிறந்தபோது நாங்கள் எல்லோரும் அரை மணி நேரத்தைப் பறிகொடுத்துவிட்டு நின்றோம்.

பட்டணத்தில் இருந்தவர்களுக்கு அது ஒன்றுமில்லை. தோட்டத்தில் பட்டவர்களுக்குத்தான் தெரியும். என் அப்பா கிராணி, தோட்ட அலுவலகக் கணக்கர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மணி அடிக்கிற நேரத்தை மாற்றவில்லை. சூரியன் அரை மணி தாமதமாக வந்தது. போன வாரம்வரை பெரட்டுக் களத்தில் ஆள் முகம் தெரியும், அடுத்த வாரம் சத்தத்தை வைத்துப் பெயர் எழுத வேண்டியிருந்தது. தலைவிளக்குக்குக் கார்பைட் கூடச் செலவாகிறது என்று வெட்டுமரக்காரர்கள் முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது. செம்பனைக்காற்று, உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கும்.

ரன்வே ராசா (7.50)

ஐயா, அருமை. இதோடு ஒட்டினாற்போல ஒன்று. திருச்சிக்கும் கே.எல்.ஐ.ஏ.வுக்கும் தீர்க்கரேகையில் 23 பாகை வித்தியாசம். ஒரு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு 4 நிமிஷம். ஆக இரண்டு ஊருக்கும் விடிவதில் இருக்க வேண்டிய வித்தியாசம் 92 நிமிஷம்தான், ஒன்றரை மணி. கடிகாரம் காட்டுவதோ இரண்டரை. அந்த அதிகப்படி ஒரு மணி நேரம் நாமே போட்டுக்கொண்டது. இந்தியா கடிகாரத்தை 82.5 பாகைக் கிழக்கில் வைத்திருக்கிறது, அது அவர்கள் நாட்டுக்கு நடுவே ஓடுகிறது. நாம் 120 பாகையில் வைத்திருக்கிறோம். அந்தக் கோடு மலேசியாவிலேயே இல்லை, சபாவையும் தாண்டிக் கிழக்கே கடலில் போகிறது. ஏழு மணிக்கு இங்கே இருட்டாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

செம்பனைக்காற்று (8.15)

ஐயா, அம்மாவிடம் கேட்டேன். "அரை மணி தள்ளுனது தெரியாதா? அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் மழைக்காலத்துல பாம்பு மிதிக்கிற கதை" என்றார். பிறகு ஒரு மணி நேரம் அதே பேச்சு. விமானம் மறந்தே போய்விட்டது.

அஞ்சடிக்காரன் (11.02)

எல்லோரும் கடிகாரத்தையே பேசுகிறீர்கள். பூமி சுற்றுவதை யாரும் சொல்லவில்லையே? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. விமானம் மேலே எழும்பி மேற்கே போகும்போது திருச்சி தானாக எதிரே நகர்ந்து வரும். அதனால்தான் போவது சீக்கிரம். திரும்பும்போது கே.எல். ஓடிப்போகும், துரத்திப் பிடிக்க வேண்டும். என் பள்ளி வாத்தியார் சொன்னது.

டுரியான்மண்டை (11.09)

அப்போ ஹெலிகாப்டரில் ஏறிச் சும்மா மேலே நின்றால் போதும், இரண்டு மணி நேரத்தில் திருச்சி கீழே வந்துவிடும். டிக்கெட் காசு மிச்சம்.

ரன்வே ராசா (12.40)

டுரியான் கிண்டலாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பூமியோடு காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. ஈப்போவிலிருந்து ஈ.டி.எஸ். ரயிலில் போகும்போது முன் பெட்டிக்கு நடந்தாலும் பின் பெட்டிக்கு நடந்தாலும் ஒரே நேரம்தானே ஆகிறது? தஞ்சோங் மாலிம் நிலையம் எதிரே வருகிறது என்று காப்பிக்குப் போகிறவர் சீக்கிரம் போய்ச் சேர்வதில்லை.

ஆனால் காற்றே தனியாக வீசினால் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர்வரை, தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று ஓடும். தரையில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற அதே காலத்தில் மேலே நேர் எதிராக! 1950களில் கோடீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர்தான் இதை விவரித்து எழுதினார். அந்த மாதங்களில் இங்கிருந்து போகிறவர்களுக்கு முதுகில் தள்ளுகிற காற்று, திரும்புகிறவர்களுக்கு முகத்தில். மாசியில் நம் பாதையில் அவ்வளவு வலு இருக்காது. போக வர ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

உயரத்திலும் ஒழுங்கு உண்டு. பொதுவாக மேற்கே போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரத்தில், கிழக்கே வருகிறவர்கள் ஒற்றைப்படை ஆயிரத்தில் பறப்பார்கள். போகும்போது 36,000 அடி என்றால் வரும்போது 37,000. டுரியான் சொன்ன ஏற்றம் இறக்கம் கடைசியில் ஆயிரம் அடிக்கு உண்மையாகிவிட்டது.

அஞ்சடிக்காரன் (12.58)

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். வாத்தியார் இப்போது இல்லை, அவரை விட்டுவிடுவோம்.

பாயான் லெப்பாஸ்காரி (மாலை 5.15)

உங்கள் தங்கை சொன்னது பாதி சரி. பினாங்கிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இல்லை. சென்னைக்கு உண்டு, 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கியது. பினாங்கு – சென்னை 2,365 கிலோமீட்டர், கே.எல்.ஐ.ஏ. – திருச்சியைவிட 325 கிலோமீட்டர் குறைவு. பறக்கும் நேரமும் கால் மணி, இருபது நிமிஷம் குறையும். சிப்புட்டிலிருந்து நெடுஞ்சாலை ஏறினால் கோல கங்சார், தைப்பிங் தாண்டி பத்து கவானில் இறங்கி, இரண்டாவது பாலம் வழியாகத் தீவுக்குள் வந்தால் விமான நிலையம் பக்கத்திலேயே. எல்லாம் சேர்த்து 150 கிலோமீட்டர் சொச்சம். கே.எல்.ஐ.ஏ.வுக்கு நீங்கள் ஓட்டப்போவது கிட்டத்தட்ட 300. அம்மாவுக்கு 72 வயது. எது சௌகரியம் என்று நான் சொல்லவா வேண்டும்?

ஈப்போ அக்கா (5.40)

அது சென்னையில் வேலை இருக்கிறவர்களுக்கு. சென்னையில் இறங்கி, திருச்சிக்கு இன்னொரு 330 கிலோமீட்டர். எழும்பூர் போய் ரயில் பிடிக்க வேண்டும், இல்லை காடி (கார்) பிடித்து ஆறு மணி நேரம். இங்கே மிச்சம் பிடித்த 150ஐ அங்கே இரட்டிப்பாகக் கொடுக்கிறீர்கள், அதுவும் தெரியாத ஊரில், பெட்டி படுக்கையோடு. திருச்சியில் இறங்கினால் துறையூர் ஒன்றரை மணிக்குள். நான் திருச்சிக் கட்சி.

பாயான் லெப்பாஸ்காரி (5.52)

அக்கா, முதலில் சென்னைதான் தூரம் என்று நினைக்கிறீர்களா? கே.எல்.ஐ.ஏ.விலிருந்து அளந்தாலும் சென்னை 2,630தான். திருச்சியைவிட 60 கிலோமீட்டர் கிட்ட.

ஈப்போ அக்கா (6.01)

அப்படியா! இத்தனை வருஷமாகத் திருச்சிதான் நமக்குக் கிட்ட என்று நினைத்தேன். சென்னை வடக்கே இருக்கிறதே?

ரன்வே ராசா (6.30)

வடக்கே இருப்பது போலவே கிழக்கேயும் தள்ளி இருக்கிறது அக்கா. நம் கணக்கில் மேற்கு–கிழக்குதான் பெரிய தூரம், 23 பாகை. வடக்கு–தெற்கு 8தான். சென்னை ஒன்றரைப் பாகை நம் பக்கம் சாய்ந்திருப்பதால் ஜெயிக்கிறது. ஆனாலும் துறையூருக்குப் போக வேண்டிய ஆளுக்கு அந்த 60 கிலோமீட்டரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நானும் திருச்சிக் கட்சிதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. சுங்கை சிப்புட்டிலிருந்தே திருச்சிக்கு நேராக நூல் பிடித்தால் 2,550 கிலோமீட்டர். கே.எல்.ஐ.ஏ.வை விட நாம்தான் 140 கிலோமீட்டர் கிட்ட இருக்கிறோம். கிட்ட இருக்கிற நாம் 300 கிலோமீட்டர் தெற்கே இறங்கிப் போய், அங்கிருந்து ஏறி, திரும்ப வடமேற்கே வருகிறோம். மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவது.

டுரியான்மண்டை (6.34)

ஈப்போ விமான நிலையம் எதற்கு இருக்கிறது? வீட்டிலிருந்து அரை மணி.

ரன்வே ராசா (6.50)

அங்கே ஓடுதளம் 2,000 மீட்டர் போலத்தான். சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் போகக் கொஞ்சம் எண்ணெய் போதும், விமானம் லேசாக எழும்பிவிடும். நாலு மணிப் பயணத்துக்கான எண்ணெயும், முழுக் கூட்டமும், ஆளுக்கு 30 கிலோ மைலோ டின்னும் பிஸ்கட்டும் ஏற்றிக்கொண்டு இந்த வெயிலில் எழும்புவது வேறு சமாச்சாரம். இடம் பற்றாது என்பது என் எண்ணம். அது போகட்டும், வாரத்துக்கு ஒரு விமானத்தையாவது நிரப்புகிற கூட்டம் ஈப்போவில் இருக்கிறதா என்பதும் கேள்வி.

லயத்துக்காரி (இரவு 8.20)

தூரம், நேரம் எல்லாம் பேசிவிட்டீர்கள். தேதியை யாரும் சொல்லவில்லை. நான் சூடுபட்டவள், சொல்லியே ஆக வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமியார், நான், இரண்டு பிள்ளைகள் திருச்சியிலிருந்து திரும்புகிறோம். டிக்கெட்டில் "14ஆம் தேதி, 00.20" என்று இருந்தது. முகவர்தான் எடுத்துக் கொடுத்தார். "14ஆம் தேதி ராத்திரி ஃபிளைட்" என்று வாயால் சொன்னார், நாங்களும் அப்படியே நம்பினோம். 14ஆம் தேதி முழுக்கச் சமயபுரம், உறவுக்காரர் வீடு என்று சுற்றிவிட்டு, ராத்திரி ஒன்பதரைக்கு விமான நிலையத்துக்கு வந்தால், வாசலில் துப்பாக்கியோடு நின்ற பாதுகாப்புக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நேத்தே போயிடுச்சு" என்கிறார். 00.20 என்றால் 13ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து நின்றிருக்க வேண்டும். மாமியார் அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். நாலு பேருக்கும் புது டிக்கெட், போன காசைவிட வந்த காசு அதிகம். இரண்டு மாதம் வீட்டில் இட்லி மாவுகூட வெளியில் வாங்கவில்லை.

செம்பனைக்காற்று, உங்களுக்கு 10.40 என்பதால் தப்பித்தீர்கள். ஆனால் திருச்சியிலிருந்து இந்தப் பக்கம் வருகிற பல விமானங்கள் நடு இரவை ஒட்டித்தான். 00.05, 00.30 என்று பார்த்தால் முதல் வேலையாக முந்தின நாள் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

செம்பனைக்காற்று (8.44)

ஐயோ அக்கா. இப்போதே எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். 10.40, அதே நாள், மறுநாள் காலை 5.10 இங்கே. சரியாக இருக்கிறது.

இன்னொன்று. அம்மாவுக்கு இனிப்பு நீர் மாத்திரை காலையும் இரவும். இங்குள்ள நேரப்படியா, அங்குள்ள நேரப்படியா?

ஈப்போ அக்கா (8.50)

அதை இங்கே கேட்காதீர்கள் தம்பி. கிளினிக் டாக்டரிடம் டிக்கெட்டையே கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், ஐந்து நிமிஷ வேலை. மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட்டிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் முனையத்தில் நடை ரொம்ப.

கிராணிமகன் (வியாழன், காலை 5.50)

நாலு மணியா, மூன்றே முக்காலா என்று நீங்கள் பேசுவதைப் படிக்கச் சிரிப்பாக வருகிறது.

1969இல் அப்பாவோடு நான் போனது ராஜுலா கப்பலில். பினாங்கில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினோம். ஐந்து பகல். அந்தக் கப்பல் 1926இல் கட்டியது, என் அப்பாவே 1937இல் இங்கே வந்தது அதே கப்பலில்தான். அதே படியில் ஏறுகிறேன் என்று அவர் தடவித் தடவிப் பார்த்தார். நாங்கள் மேல்தளப் பயணிகள். பாய் விரித்த இடம்தான் வீடு, பக்கத்தில் பாகான் செராய்க் குடும்பம் ஒன்று. முதல் நாள் முழுக்க எல்லோருக்கும் வாந்தி. இரண்டாம் நாள் சுமத்ராவின் தலைமுனை இடது கைப்பக்கம் மங்கலாகத் தெரிந்தது. பெரிய நிக்கோபாருக்கும் அச்சேவுக்கும் நடுவே உள்ள வழி, ஆறு பாகைக் கால்வாய் என்பார்கள். அதைத் தாண்டினால் கரை கிடையாது, வெறும் நீலம்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரை சேராது. ஆழம் போதாது. வெளியே நங்கூரம் போட்டு, படகு வந்து அலையில் ஏறி இறங்கும்போது, படி சரியாக நேருக்கு வரும் அந்த நொடியில் குதிக்க வேண்டும். அப்பா என் கையைப் பிடித்திருந்த பிடி இன்றைக்கும் மணிக்கட்டில் இருக்கிறது.

ராசா தம்பிக்கு ஒரு கேள்வி. விமானமும் அந்த வழியில்தானே போகிறது?

ரன்வே ராசா (7.35)

ஏறத்தாழ அதே வழிதான் ஐயா. கே.எல்.ஐ.ஏ. – திருச்சி நேர்கோடு மலாக்கா நீரிணையைக் குறுக்கே கடந்து, சுமத்ராவின் வடமுனையில் அச்சே மேலாகப் போய், வங்காள விரிகுடாவைக் கடந்து, இலங்கைக்கு வடக்கே கரை ஏறும். உண்மையில் விமானம் அந்த நூலிலேயே போகாது, வரைந்து வைத்த வான்பாதைகள் உண்டு, கொஞ்சம் இப்படி அப்படி வளையும். ஆனால் நீங்கள் இரண்டாம் நாள் பார்த்த தலைமுனையை இவர்கள் எழும்பி ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுவார்கள். அம்மாவுக்கு இடது பக்கம் ஜன்னல் எடுங்கள் செம்பனைக்காற்று. மாசியில் சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்கும்.

டுரியான்மண்டை (7.41)

அண்ணே, போய்விட்டு வந்து எழுதுங்கள். நிமிஷக் கணக்கு வேண்டும். இல்லாவிட்டால் அஞ்சடிக்காரர் நம்பமாட்டார்.

செம்பனைக்காற்று (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மதியம் 2.10)

போய்விட்டு வந்தாயிற்று. கேட்ட கணக்கு, எல்லாம் மலேசிய நேரப்படி எழுதுகிறேன்.

வீட்டைப் பூட்டியது காலை 9.40. தாப்பாவில் ஒரு நிறுத்தம், அம்மா வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்த புளிச்சோறு. முனையத்துக்கு வந்தது 1.45. விமானம் பின்னால் நகர்ந்தது 5.58. நகர்ந்ததும் அம்மா என் கையைப் பிடித்தவர்தான், ஓடுதளத்துக்குப் போக 19 நிமிஷம் உருண்டதில், "இப்படியே ரோட்டு வழியாவே கூட்டிட்டுப் போயிடுவான்போல" என்று விட்டுவிட்டார். சக்கரம் தரையை விட்டது 6.17. திருச்சியில் தொட்டது 9.41. நின்றது 9.48. ஆக, வானத்தில் 3 மணி 24 நிமிஷம், டிக்கெட் கணக்குப்படி 3 மணி 50. ராசா சொன்னது சரி. தாமதமாகக் கிளம்பியும் மூன்று நிமிஷம்தான் பிந்தியது. வெளியே வர 10.50. புது முனையம் நன்றாக விசாலமாக இருக்கிறது, வரிசைதான் விசாலம் குறைவு. துறையூர் போய்ச் சேர்ந்தபோது 12.15. வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு 14 மணி 35 நிமிஷம். அதில் பறந்தது கால்வாசிகூட இல்லை.

வழியில் ஒன்று நடந்தது. இடது பக்க ஜன்னல் கிடைத்திருந்தது. அம்மா கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடிகாரத்தில் எட்டரை தாண்டிவிட்டது, வெளியே இன்னும் செக்கச் சிவந்து வெளிச்சம் நிற்கிறது. "விளக்கு வைக்கிற நேரம் எப்பவோ போச்சு, இது இன்னும் இறங்க மாட்டேங்குதே" என்றார். சூரியனை நாமும் பின்னாலேயே துரத்திக்கொண்டு போகிறோம் என்று நான் சொன்னேன். அது சரிதானா ராசா?

ரன்வே ராசா (2.45)

சரியேதான். அந்த இடத்தில் பூமி மணிக்கு 1,660 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. விமானம் மேற்கு நோக்கி அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் போகிறது. ஆகவே சூரியன் இறங்குவது பாதி வேகத்துக்குக் குறைந்துவிடும். தரையில் இருபது நிமிஷத்தில் முடிகிற அந்தி அங்கே நாற்பது நிமிஷம் நிற்கும். உயரத்தில் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூட. திரும்பும்போது விடியல் இதற்கு நேர்மாறு, பட்டென்று வந்துவிடும். ஆனால் நீங்கள் 5.10க்கு இருட்டிலேயே இறங்கியிருப்பீர்கள்.

அஞ்சடிக்காரன் (3.02)

நான் சொன்ன பூமி சுற்றுவது கடைசியில் எங்கேயோ வந்துவிட்டதா இல்லையா?

ஈப்போ அக்கா (3.10)

வந்துவிட்டது அண்ணே, வாத்தியார் ஆத்மா சாந்தியடையட்டும். தம்பி, அம்மா எப்படி இருந்தார்? ஊர் பிடித்ததா?

செம்பனைக்காற்று (3.35)

கோயிலில் நின்று அழுதார், பிறகு பூசாரியிடம் சண்டை போட்டார். நன்றாகத்தான் இருந்தார் அக்கா.

ஒன்று மட்டும் எங்களால் முடியவில்லை. மூன்று வாரமும் கடிகாரத்தை மாற்றவே விடவில்லை. அப்பா சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த பழைய சாவிக் கடிகாரம், தினமும் படுக்கப்போகும்போது சாவி கொடுப்பார். உறவுக்காரர்கள் "அத்தை, மணி என்ன?" என்று கேட்டால், கையைப் பார்த்து, மனதுக்குள் இரண்டரையைக் கழித்து, சரியாகச் சொல்வார். சாயங்காலம் ஆறு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, "எட்டரை ஆச்சு, சின்னவ வேலை முடிஞ்சு வந்திருப்பா, நாய்க்குச் சோறு வச்சாளோ என்னவோ" என்பார்.

திரும்பி கே.எல்.ஐ.ஏ.வில் இறங்கியதும் விமானத்துக்குள் எல்லோரும் எழுந்து நின்று, கைப்பேசியை உயிர்ப்பித்து நேரம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா உட்கார்ந்தபடியே சட்டைக் கையை விலக்கிப் பார்த்தார். அஞ்சு அஞ்சு.

"என்னுது சரியாத்தான் இருக்கு" என்றார்.